முதுகு இல்லாத கவுன்

மார்ச் 2, 1954

அண்ணனுக்கு,

இங்கே நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விலாசம் பழையதுதான் என்று நம்பி எழுதுகிறேன். மாறியிருந்தால் கடிதம் திரும்பி வரட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை.

போன மாதத்து வாரப் பத்திரிகை ஒன்றில் ஒரு துணிக்கடை விளம்பரம் பார்த்தேன். ஒரு பெண் படிக்கட்டில் பாதி இறங்கி நிற்கிறாள். கறுப்புக் கவுன். தோள் எலும்பு தெரிகிற மாதிரி அகலமான கழுத்து, முழங்கை வரை ஒட்டின கை. இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு ஒடுக்கி, அங்கிருந்து கீழே குடை மாதிரி விரித்திருக்கிறது. படத்தில் கையெழுத்து இல்லை. ஆனாலும் நீங்கள் வரைந்தது என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உங்களுக்குக் கட்டைவிரல் வரைய வராது. அதனால் எப்போதும் அதை எதற்காவது பின்னால் ஒளித்து வைப்பீர்கள். இந்தப் பெண்ணுக்கும் படிக்கட்டின் கைப்பிடிக்குப் பின்னால்தான் இருக்கிறது.

அந்தக் கவுன் சிட்டுவுக்கு வேண்டுமாம். படத்தைக் கத்தரித்துக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டி வைத்திருக்கிறாள். துணி வாங்கிவிட்டேன். முன்பக்கம் படத்தைப் பார்த்தே வெட்டிவிடுவேன், அதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். பின்பக்கம்தான் தெரியவில்லை. எங்கே திறக்கிறது, பட்டனா கொக்கியா, பின்கழுத்து எவ்வளவு இறங்குகிறது, இடுப்பில் மடிப்பு எப்படி வருகிறது. இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

தங்கை

மார்ச் 7

தங்கச்சிக்கு,

எப்போதிருந்து நான் 'நீங்கள்' ஆனேன்? அப்பா போன அன்று வாசலில் நின்று, "இனிமே இந்தத் தெருப்பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதே" என்றாயே, அப்போதுகூட 'நீ' என்றுதான் சொன்னாய். அந்தத் திட்டில் ஒரு சொந்தம் இருந்தது. இந்த 'நீங்கள்' மானேஜர் எனக்கு எழுதுகிற துண்டுச் சீட்டு மாதிரி இருக்கிறது.

கட்டைவிரல் விஷயத்தை வெளியே சொல்லிவிடாதே. பிழைப்பு போய்விடும்.

உன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கவுனுக்குப் பின்பக்கம் கிடையாது. நான் ஒளித்து வைத்துக்கொண்டு சொல்லவில்லை, உண்மையிலேயே கிடையாது. நான் வேலை செய்கிற அறையில் ஒரு சாய்வு மேசை, ஒரு ஜன்னல், தலையில்லாத ஒரு பொம்மை, அவ்வளவுதான். மானேஜர் நாலைந்து கஜம் துணியைக் கொண்டுவந்து அந்தப் பொம்மையின் மேல் போர்த்திவிட்டு, "இதை ஒரு கவுனா வரைஞ்சு குடுய்யா, பாக்கற பொம்பளைங்களுக்கு வயிறு எரியணும்" என்பார். துணி முன்னால் அழகாகத் தொங்கும். பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் குண்டூசி. இத்தனை வருஷத்தில் ஒரு முதுகைக்கூட நான் வரைந்ததில்லை.

கவுன் மட்டும் இல்லை, உள்ளே இருக்கிறவளும் பொய். மனுஷ உடம்பு ஏழரைத் தலை உயரம். நான் ஒன்பதரை வைப்பேன். கூடுதலாக வந்த இரண்டும் காலுக்குப் போய்விடும். அந்த இடுப்புக்குள் குடலுக்கு இடம் இல்லை. சாப்பிட்டால் சாப்பாடு எங்கே போகும் என்று எனக்கே தெரியாது. அதையும் பார்த்துவிட்டு மானேஜர், "இன்னும் கொஞ்சம் ஒடுக்கலாமே" என்பார். ஒடுக்குவேன்.

என் மருமகள் சிட்டுவுக்கு இப்போது பதினெட்டு இருக்குமா? கடைசியாகப் பார்த்தபோது கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பி இருந்தன. என் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு நாக்கு முழுவதும் நீலமாகிவிட்டது, நீ என்னைத்தான் திட்டினாய். அந்த உடம்புக்கு இந்தக் கவுனா? அவளுடைய அளவை அனுப்பு. மனுஷர் போடுகிற மாதிரி மாற்றி, முன்னும் பின்னும் வரைந்து தருகிறேன்.

அண்ணன்

மார்ச் 12

அண்ணா,

சரி, 'நீ' என்றே எழுதுகிறேன். கை அதற்குத்தான் பழகியிருக்கிறது.

உயரம் ஐந்தடி நாலு அங்குலம். தோள் பன்னிரண்டரை. மார்பு இருபத்தேழு. இடுப்பு பதினெட்டரை. மேல்கை சுற்றளவு ஏழு.

எதையும் மாற்ற வேண்டாம். படத்தில் இருக்கிற மாதிரியே வேண்டும் என்கிறாள். சீக்கிரம் அனுப்பு.

தங்கை

மார்ச் 16

தங்கச்சி,

டேப்பை மழையில் நனைத்துக் காயப்போட்டாயா, இல்லை வெறும் டேப்பைத் தனக்குத்தானே சுற்றி அளந்தாயா? அப்பாவின் கடையில் பத்து வயதிலேயே அளவெடுத்தவள் நீ. உனக்கு இப்படி ஒரு தப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை. வயதாகிறது, கண்ணாடி போட்டுக்கொள்.

நீ அனுப்பியிருப்பது என் மருமகளின் அளவு இல்லை, என் படத்தின் அளவு. காகிதத்தை எடுத்துவைத்துக் கணக்குப் போட்டே பார்த்துவிட்டேன். அந்தப் படிக்கட்டுப் பெண்ணை ஐந்தடி நாலு அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் இடுப்பு கிட்டத்தட்ட நீ எழுதியதுதான் வருகிறது. மானேஜரிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த அளவுல ஒரு பொண்ணு உசுரோட நடமாட முடியாதுய்யா" என்றார். நான் எத்தனையோ பெண்களை எதிரே நிற்க வைத்து வரைந்திருக்கிறேன். ஒருத்திக்கும் இருபத்திரண்டுக்குக் கீழே பார்த்ததில்லை, அதுவும் மூச்சைப் பிடித்துக்கொண்டால்.

அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, திரும்ப ஒரு தடவை நிதானமாக எடுத்து அனுப்பு. ஏதோ விசேஷமா? அவளுக்கு வரன் ஏதும் வந்திருக்கிறதா? அப்படியென்றால் தாய்மாமனுக்கு இப்படியா தெரியவேண்டும்.

அண்ணன்

மார்ச் 20

அண்ணா,

டேப் நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணும் நன்றாக இருக்கிறது. உன் கடிதம் வந்த பிறகு மறுபடியும் அளந்தேன். "எத்தனை தடவைம்மா அளப்பே, எனக்குக் கூசுது" என்றாள். இந்தத் தடவை பதினெட்டு.

நிமிர்ந்து நிற்கச் சொல் என்று எழுதியிருந்தாய். படுக்க வைத்துத்தான் எடுத்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. கால் தெரியாமல் கதவில் இடித்துக்கொண்டால்கூட ஊதாவாகக் கன்றிப்போய் வாரக்கணக்கில் நிற்கும். ஈறில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து ரத்தத்திலேயே கோளாறு என்றார்கள். வேறு ஆள் ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றின கையோடு முகம் தெளியும், எழுந்து தலை வாரிக்கொள்வாள், அடுத்த வாரம் திரும்பவும் பழைய கதை. பிப்ரவரியில் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அந்த டாக்டர் நல்ல மனுஷர். என் முகத்தைப் பார்க்காமல், "இனிமே அவ என்ன கேட்டாலும் செஞ்சு குடுங்கம்மா" என்றார். அவள் உன் கவுனைக் கேட்டாள்.

உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். அவளுடைய அப்பா போனபோதே உனக்கு எழுதாதவள் நான். முதுகு தெரிந்திருந்தால் இப்போதும் எழுதியிருக்க மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு புழுங்க என்னால் முடியவில்லை. போன வாரம் கண்ணாடியைக் கேட்டாள். வேண்டாம் என்று எவ்வளவோ சாக்குச் சொன்னேன், கேட்கவில்லை. கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு உன் படத்தைப் பார்த்தாள், தன்னைப் பார்த்தாள். தோள் எலும்பைத் தொட்டுக் காட்டி, "அம்மா, பாரேன், மாமா வரைஞ்ச பொம்பளை மாதிரியே ஆயிட்டேன்" என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள் அண்ணா. பள்ளிக்கூடம் முழுவதும் பூசணி பூசணி என்று கேலி வாங்கினவள். அவள் தூங்கின பிறகு அந்தப் படத்தைச் சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போடவேண்டும் என்று கட்டில் வரைக்கும் போனேன். போய் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இந்த அளவில் ஒரு பெண் உயிரோடு நடமாட முடியாது என்று உன் மானேஜர் சிரித்தாராமே. அவர் சொன்னது சரி. நடமாடவில்லை.

கவுனைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருவாளாம். நீ வந்து எதிரே உட்கார்ந்து அவளை வரையவேண்டுமாம். அவள் கேட்பது அவ்வளவுதான். முதுகை அனுப்பு. நீயும் வா.

தங்கை

மார்ச் 26

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்ன செய்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. நான் எழுதிய கேலியை உன் எழுத்தில் திரும்பப் படித்தபோது வெட்கமாக இருந்தது. மானேஜரிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் இன்னும், "அந்தப் பதினெட்டரை எப்படி இருக்கு" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதோடு பின்பக்கம் வைத்திருக்கிறேன். பின்கழுத்திலிருந்து பாவாடையின் அடிவரை முழுக்கத் திறக்கிற மாதிரி போட்டிருக்கிறேன். தலை வழியாகப் போட வேண்டாம், அவள் கையைத் தூக்க வேண்டாம். படுத்திருக்கும்போதே முன்னாலிருந்து கைகளை நுழைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து மூடிவிடலாம். சின்னச் சின்னக் கொக்கிகள், அவை முதுகில் உறுத்தாமல் உள்ளே ஒரு பட்டை. இடுப்பில் மடிப்புக்குப் பதிலாக உள்பக்கம் ரிப்பன் ஓடுகிறது. இறுக்கலாம், தளர்த்தலாம். அளவு மாறினாலும் பிரித்துத் தைக்க வேண்டியிருக்காது. தோளிலும் முதுகெலும்பு நெடுகவும் லைனிங்குக்குள் மெல்லிசாகப் பஞ்சு வை.

நான் வரைந்த முதல் முதுகு இது. கோடு பிசகி மூன்று தாள் கிழித்தேன்.

வராமல் இருப்பேனா? கோடைக்கால விளம்பரங்கள் குவிந்து கிடக்கின்றன, அந்த வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அது முடிந்த உடனே கிளம்பிவிடுகிறேன். சிட்டுவிடம் சொல், மாமா புதுப் பிரஷ் வாங்கி வைத்திருக்கிறார், இந்தத் தடவை வாயில் வைக்கக் கொடுக்க மாட்டார் என்று.

அண்ணன்

ஏப்ரல் 5

அண்ணா,

முதுகு வந்தது. நல்ல யோசனை. எனக்குத் தோன்றியிருக்காது. நான் தைக்கிறவள், உடம்பு நிற்கும் என்று நினைத்துத்தான் வெட்டுவேன். படுத்திருக்கிற உடம்புக்கு நீ யோசித்திருக்கிறாய்.

பிரஷ் விஷயத்தைச் சொன்னேன். சிரித்து, அப்புறம் மூச்சு வாங்கி, கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மெஷினை அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நகர்த்திப் போட்டுத்தான் தைக்கிறேன். சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்டால் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலைகிறது என்கிறாள். கவுனுக்குக் கை வைத்துத் தைத்தாகிவிட்டது. மேல்கை ஏழு என்று எழுதியிருந்தேன், அதுவும் இப்போது தளர்ச்சியாக இருக்கிறது. அளப்பதை நிறுத்திவிட்டேன். டேப்பை எடுத்தாலே என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணாலேயே பார்த்துப் பிடித்துக்கொள்கிறேன்.

கோடைக்கால விளம்பரம் என்று எழுதியிருக்கிறாய். அப்பாவுக்கும் இதே மாதிரிதான் எழுதினாய். தீபாவளி மாதிரி உனக்கு வருஷத்தில் ஒரு சீசன் இருந்தால் பரவாயில்லை, எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு சீசன். 'சீசன் முடியட்டும் அப்பா'. அவர் அது முடிகிற வரைக்கும் இருக்கவில்லை. நீ வந்து சேர்ந்தபோது நாங்கள் அறையைக் கழுவிவிட்டிருந்தோம்.

திட்டுவதற்காக எழுதவில்லை. நோயாளி படுத்திருக்கிற அறை உனக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அம்மா கிடந்தபோதே நீ அந்த அறைப் பக்கம் வரமாட்டாய். பின்வாசல் வழியாகவே போய் வந்தாய். சின்னப் பையன் பயப்படுகிறான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இப்போது உனக்கு நாற்பத்தாறு. இந்த ஒரு தடவை பயந்துகொண்டே வா. பயத்தோடு வரக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை.

அன்றைக்கு வாசலில் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எனக்காக வர வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். அவளுக்காக வா. "மாமாவுக்கு சீக்காளின்னா பயமாம்மா? அப்ப நான் அவரோட படத்துப் பொம்பளைன்னு எழுது, ஓடி வந்துடுவார்" என்கிறாள். எழுதிவிட்டேன்.

நாள் அதிகம் இல்லை. டாக்டர் இப்போது வந்தால் பையைத் திறப்பதே இல்லை, பேசிவிட்டுப் போகிறார்.

தங்கை

ஏப்ரல் 17

தங்கச்சி,

வருகிற வியாழக்கிழமை, 22ஆம் தேதி, மதிய வண்டியில் வருகிறேன். லீவு சொல்லியாகிவிட்டது, டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். பெரிய தாள், மை, பிரஷ் எல்லாம் தோல் பையில் கட்டி வைத்திருக்கிறேன். மூன்று மணிக்கெல்லாம் உன் வாசலில் இருப்பேன். அவளைக் கவுன் போட்டு உட்கார வைத்திரு.

எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் வந்துவிடுவேன்.

அண்ணன்

ஏப்ரல் 23

அண்ணா,

நீ வரவில்லை.

காலையிலேயே குளிப்பாட்டச் சொன்னாள். துடைத்துத்தான் விட்டேன். தலை வாரி, கவுனைப் போட்டு, மெதுவாகத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். வாசல் கதவை அகலத் திறந்து வைத்து, அதற்கு நேரே நாற்காலியைப் போடச் சொன்னாள். நீ தெருமுனையில் திரும்பும்போதே அவளைப் பார்க்க வேண்டுமாம். படத்தில் இருக்கிற மாதிரி கழுத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் முடியும்? நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். சாய்ந்துகொள் என்றால், "சாஞ்சா கவுன் கசங்கும்மா" என்றாள்.

மூன்று அடித்தது. நான் வெந்நீர் போட உள்ளே போனேன். திரும்பி வந்தால் கண்ணெல்லாம் பளபளக்க உட்கார்ந்திருக்கிறாள். "அம்மா, மாமா வந்துட்டார். எதிர் மருந்துக்கடை வாசல்ல நிக்கிறார்" என்றாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். நம் தெருவின் அகலம் உனக்குத் தெரியும், எதிர்வாசலில் யாராவது தும்மினால் இங்கே கேட்கும். கடை வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. "நல்லாப் பாரும்மா. கையில தோல் பை வெச்சிருந்தார். தொப்பியைக் கழட்டி நெத்தியைத் தொடைச்சார். என்னைப் பாத்தாரும்மா" என்றாள். நெற்றியைத் தொட்டால் கொதிக்கிறது. எனக்குக் கோபம் தாங்கவில்லை. உன் மேல் வந்த கோபம் அவள் மேல் விழுந்தது. "வாயை மூடிட்டு சும்மா இருடி, காய்ச்சல்ல உனக்கு என்னென்னவோ தெரியுது" என்றேன்.

விளக்கு வைக்கிற வரைக்கும் நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். அப்புறம் நானே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன். தூக்குவதற்கு எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

இனி வரப்போகிறாயா இல்லையா என்று ஒரு வரி எழுதிவிடு. அவளுக்கு நான் என்ன சொல்வது என்று தெரிந்தால் போதும்.

தங்கை

ஏப்ரல் 27

தங்கச்சி,

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. வியாழன் காலை மானேஜர் பிடித்துக்கொண்டார். அவசரம், இன்றைக்கே அச்சுக்குப் போகவேண்டும் என்று ஒரு வேலை. முடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன், வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும். என் புத்தி.

அதற்குப் பதிலாக என்று சொல்லவில்லை, பதில் ஆகாது. ஆனாலும் இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். உன் கடிதத்தில் நாற்காலி, திறந்த கதவு என்றெல்லாம் எழுதியிருந்தாயே, அதை வைத்து மனதுக்குள் சிட்டுவை உட்கார வைத்து வரைந்தேன். கன்னம் எப்படி இருக்கும் என்று ஊகம்தான். இந்தத் தடவை நான் காலை நீட்டவில்லை, இடுப்பை ஒடுக்கவில்லை. மானேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, இதைப் பாத்து எவ கவுன் வாங்குவா" என்றார். இது கடைக்கு இல்லை என்றேன்.

இருபது வருஷமாக அந்த இடுப்பை வரைகிறேன் தங்கச்சி. காகிதத்தில் இருக்கிற வரைக்கும் எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை.

மே முதல் வாரம் கட்டாயம் வருகிறேன். அதுவரைக்கும் படத்தை அவள் கண்ணில் படுகிற இடத்தில் வை. மாமாவுக்குப் பிடித்த படம் இதுதான் என்று சொல்.

அண்ணன்

மே 2

அண்ணா,

சிட்டு 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டாள். உனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று சொன்னது நான்தான். எதற்கு, சீசன் முடிந்து வந்து அறை கழுவியிருப்பதைப் பார்க்கவா?

கவுனோடுதான் அனுப்பினேன். நீ யோசித்த முதுகு அன்றைக்கும் உதவியது. கையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. உதவிக்கு வந்த நர்ஸ், இப்படி யார் தைத்தது என்று கேட்டாள். என் அண்ணன் வரைந்து கொடுத்தது என்றேன்.

நேற்று உன் தபால் வந்தது. படத்தைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தேன். நன்றாக இருக்கிறது. நீ வரைந்ததிலேயே இதுதான் நன்றாக இருக்கிறது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது அப்படியே இருக்கிறது. கன்னம் ஊகம் என்று எழுதியிருக்கிறாய். பெற்றவள் சொல்கிறேன், அது ஊகம் இல்லை. இடது கால் செருப்பு நழுவி, வெறுங்கால் தரையில் பட்டுக்கொண்டிருக்கிறது. நாற்காலி முதுகில் என் பழைய ஸ்வெட்டர் தொங்குகிறது. இதையெல்லாம் நான் உனக்கு எழுதவில்லை. இருந்தாலும் படம் வரைகிறவன், அவனுக்கு இதெல்லாம் தானாகத் தோன்றும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம்தான் பாவாடையின் அடியைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அன்று அந்தக் கவுன் முடிந்திருக்கவில்லை. அடிமடிப்பு தைக்க நேரம் இல்லாமல், கறுப்புத் துணியில் வெள்ளை நூலால் பெரிய பெரிய இழையாக ஓட்டித்தான் விட்டிருந்தேன். மாமாவுக்கு இது தெரியப்போகுதா என்று சிட்டுவே சொன்னாள். மறுநாள் காலை, உனக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னாலேயே, வெள்ளை நூலைப் பிரித்து உருவிவிட்டுக் கறுப்பு நூலால் தைத்து முடித்துவிட்டேன். அந்த நூலோடு அந்தக் கவுனைப் பார்த்தவர்கள் நான், அவள், அப்புறம் அந்த ஒரு மத்தியானம் வாசலுக்கு எதிரே நின்றவர்கள். உன் படத்தில் அந்த நூல் இருக்கிறது. ஒவ்வொரு இழையையும் வரைந்திருக்கிறாய். முன்னால் ஓர் இடத்தில் நான் அவசரத்தில் ஒரு இழையைக் கோணலாக விட்டிருந்தேன், அதையும் விடவில்லை.

மருந்துக்கடைக்காரரைப் போய்க் கேட்கலாம். கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? கதவு திறந்து இருந்தது அண்ணா. தெருவைத் தாண்ட வேண்டியதுதான் பாக்கி.

ஏன் போனாய் என்று உன்னை நான் கேட்கப்போவதில்லை. அவளைப் பார்த்தாய், உன்னால் முடியவில்லை. அது எனக்குப் புரியாமல் இல்லை. ராத்திரி பகலாக அவளைத் தூக்கிப் புரட்டின எனக்கே சில நேரம் ஓடிவிடலாமா என்று இருந்தது. நீ கோழை, அது எனக்குப் புதுசு இல்லை. ஆனால் ஸ்டேஷனுக்கு ஓடினேன், வண்டி போய்விட்டது என்று ஒரு கடிதம் எழுதினாயே, அதுதான் ஆறவில்லை. வந்தேன், பார்த்தேன், திரும்பிவிட்டேன் என்று வெள்ளிக்கிழமையே ஒரு தந்தி அடித்திருந்தால் சனிக்கிழமை கிடைத்திருக்கும். அவளுக்குப் படித்துக் காட்டியிருப்பேன். ஒரு நாள் இருந்தது.

வியாழக்கிழமை நான் அதட்டின பிறகு அவள் உன்னைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நான் ஏதோ நிம்மதியாக இருந்தேன், காய்ச்சலில் வந்த உளறல் தீர்ந்தது என்று. ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நினைவோடு இருந்தாள். என்னைக் கூப்பிட்டு, "அம்மா, அன்னிக்கு நான் மாமாவைப் பாத்தேன்னு சொன்னேனே, அது நிஜமா, இல்ல எனக்கு மூளை கலங்கிப்போச்சா?" என்று கேட்டாள். பயந்துகொண்டு கேட்டாள். உடம்பு போவது அவளுக்குத் தெரியும். புத்தியும் போய்க்கொண்டிருக்கிறதோ என்றுதான் அவளுக்குப் பயம்.

நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "ஆமாண்டி கண்ணு, கொஞ்சம் கலங்கித்தான் இருந்தது, இப்ப சரியாயிடுச்சு" என்றேன்.

"சரிம்மா" என்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

தங்கை